மின்னணு இசையும் இல்லத்து ஒலிபெருக்கியும்

வீணையின் நாதத்தை ஒலிபெருக்கியின் வழியே கேட்கும்போது, அது செம்மையாக ஒலிக்கிறதா இல்லையா என்று தீர்ப்புக் கூற நம்மிடம் ஒரு சாட்சி உண்டு. சபையிலோ, கோயில் மண்டபத்திலோ, உறவினர் இல்லத்துக் கூடத்திலோ நாம் நேரில் கேட்ட வீணையின் ஒலி நினைவில் நிற்கிறது. அந்நினைவோடு ஒப்பிட்டு, அசலைப் போன்றே இருக்கிறது என்றோ, மரத்தின் குழைவு இதில் இல்லை என்றோ சொல்லிவிடலாம். மின்னணு இசைக்கு அத்தகைய சாட்சி கிடையாது. தந்தியும் தோலும் மூங்கிலும் இன்றி, மின்னோட்டத்தின் அசைவிலே தோன்றும் அவ்விசை, ஒலிபெருக்கியின் கூம்பு அசையும் கணத்தில்தான் முதன்முதலாகக் காற்றில் பிறக்கிறது. ஆகவே அவ்விசைக்கு ஒலிபெருக்கியே வாத்தியம் எனல் பொருந்தும்.

இதனை மனத்திற்கொண்டால், உயர்ந்த விலையில் ஒலிபெருக்கி வாங்க எண்ணும் இல்லத்தார் எதைக் கொண்டு தேர்வது என்ற வினா எளிதன்று என்பது விளங்கும். சில ஆயிரம் ரூபாய் முதல் பல லட்சம் ரூபாய் வரை விலையுள்ள பெட்டிகள் இன்று அங்காடிகளில் கிடைக்கின்றன. தொழில் நிமித்தம் பிறந்த ஊரைவிட்டுப் பிற மாநிலங்களில் வாழும் நம்மவர்க்கு இதில் ஒரு கவலை கூடுதலாக உண்டு. இன்று மும்பையில் வாங்கும் பெட்டி, மாற்றல் உத்தரவு வந்ததும் நாளை கொல்கத்தாவிலோ தில்லியிலோ வேறோர் அளவுள்ள அறையில் குடியேற வேண்டியிருக்கும். பல மாதச் சேமிப்பைச் செலவிடும் முன், ஒலிபெருக்கியும் மின்னணு இசையும் வளர்ந்த வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்ப்பது நலம். நமது வினாவிற்குரிய விடையின் பெரும்பகுதி அவ்வரலாற்றிலேயே அடங்கியிருக்கிறது.

மின்சாரத்தால் இசையைப் பிறப்பிக்கும் முயற்சி, இன்றைய ஒலிபெருக்கியைவிட வயதில் மூத்தது. அமெரிக்க நாட்டைச் சேர்ந்த தாடியஸ் காஹில் என்பார் 1897இல் இதற்கெனக் காப்புரிமை பெற்றார். டெல்ஹார்மோனியம் என்று பெயர் பெற்ற அவரது பெரும் இயந்திரம் 1906இல் நியூயார்க் நகரில் நிறுவப்பட்டது. அதன் எடை ஏறத்தாழ 200 டன். சுழலும் மின்னாக்கிகள் பல, ஒவ்வொரு சுரத்திற்கும் உரிய மின்னலையை உண்டாக்கின. தொலைபேசிக் கம்பிகள் அதனை உணவு விடுதிகளுக்கும் கூடங்களுக்கும் கொண்டு சென்றன. மெலிந்த மின்னலையை வலுப்படுத்தும் ஆம்ப்ளிஃபயர் அந்நாளில் இல்லை. ஆதலால் தொலைபேசியின் செவிக்கருவியில் ஊதுகுழல் பொருத்தி அனைவரும் கேட்குமாறு செய்வதற்கு, இயந்திரமே மலைபோல் பெரிதாக இருக்க வேண்டியதாயிற்று. அக்கம்பிகளின் ஒலி அருகிலிருந்த தொலைபேசி உரையாடல்களிலும் புகுந்து தொல்லை தந்தது. சில ஆண்டுகளிலேயே அம்முயற்சி நலிந்தது. இசை பிறந்துவிட்டது, அதனைப் பாடுதற்குரிய வாய் பிறக்கவில்லை என்பதே அத்தோல்வியின் காரணம்.

அந்த வாய் படிப்படியாக உருவாயிற்று. டென்மார்க்கில் பிறந்த பீட்டர் ஜென்சனும் அமெரிக்கரான எட்வின் பிரிதமும் கலிபோர்னியாவின் நாப்பா என்னும் ஊரில் பணியாற்றி, காந்தத்தின் இடையே அசையும் கம்பிச் சுருளோடு ஊதுகுழலைப் பொருத்தி, 1915இல் அதனை மக்கள் கூட்டத்தின் முன் ஒலிக்கச் செய்தனர். பெருங்குரல் என்று பொருள்படும் மேக்னவாக்ஸ் என்ற லத்தீன் பெயரை அதற்குச் சூட்டினர். 1919இல் சான் டியாகோ நகரின் திறந்த அரங்கில் குடியரசுத் தலைவர் வில்சன் ஆற்றிய உரையைப் பல்லாயிரவர் அக்கருவியின் துணையால் கேட்டனர். பேச்சுக்கு அது போதுமானதாயிருந்தது. ஆனால் ஊதுகுழல் மந்தர ஒலியைத் தர வேண்டுமாயின் அதன் வாய் மிக அகன்றிருக்க வேண்டும். இல்லங்களில் அதற்கு இடமில்லை.

1925இல் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் என்னும் இருவர் வெளியிட்ட ஆய்வு இத்துறையின் திருப்புமுனையாயிற்று. ஊதுகுழலை நீக்கி, காகிதக் கூம்பு ஒன்றின் அடியில் கம்பிச் சுருளை ஒட்டி, அதனைக் காந்தத்தின் இடைவெளியில் தொங்கவிட்டனர். இசையின் மின்னலை சுருளில் பாயும்போது, சுருள் முன்னும் பின்னும் அசைகிறது. கூம்பு காற்றைத் தள்ளுகிறது. அக்காற்றின் அசைவே நம் செவிக்கு ஒலியாகிறது. ஒரு நூற்றாண்டு கடந்த பின்னும், உலகில் விற்கப்படும் ஒலிபெருக்கிகளில் பெரும்பாலானவை இத்தத்துவத்தின்படியே இயங்குகின்றன. காகிதத்திற்குப் பதில் பிளாஸ்டிக்கும் அலுமினியமும் வந்தன, காந்தம் வலுப்பெற்றது, அடிப்படை மாறவில்லை.

ஆயினும் கூம்பு ஒன்று மட்டும் போதாது. கூம்பு முன்னோக்கிக் காற்றை அழுத்தும் அதே கணத்தில் பின்புறம் காற்று தளர்கிறது. முன்னலையும் பின்னலையும் சந்திக்கும்போது ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. மந்தர ஒலி இதனால் பெரிதும் மறைந்துவிடும். எனவே பின்னலையைப் பெட்டிக்குள் அடக்க வேண்டும். பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஆல்பர்ட் துராஸ், பெட்டியில் அளவறிந்து ஒரு துளையிட்டால் பின்னலையையே திருப்பிப் பயன்படுத்தலாம் எனக் கண்டு 1932இல் காப்புரிமை பெற்றார். 1954இல் எட்கர் வில்சர் என்பார் நேர்மாறான வழியில் சென்றார். பெட்டியைக் காற்றுப் புகாதவாறு அடைத்து, உள்ளே சிறைப்பட்ட காற்றையே கூம்பிற்கு வில்போல் பயன்படுத்தினார். அதுவரை அலமாரி அளவு பெட்டிகள் மட்டுமே தந்த மந்தர ஒலியை, புத்தக அடுக்கில் வைக்கத்தக்க பெட்டி தந்தது. ஹென்றி கிளாஸ் என்பவருடன் அவர் கூட்டாகத் தொடங்கிய அக்கௌஸ்டிக் ரிசர்ச் நிறுவனம் அதனை விற்பனைக்குக் கொணர்ந்தது.

இவ்வெற்றிக்கு ஒரு விலை உண்டு. அதனை அக்காலத்துப் பொறியாளர் ஆன்டன் ஹாஃப்மன் ஒரு விதியாகவே வகுத்துக் கூறினார். சிறிய பெட்டி, ஆழ்ந்த மந்தர ஒலி, குறைந்த மின்வலுவில் உரத்த ஒலி ஆகிய மூன்றில் இரண்டைப் பெறலாம். மூன்றையும் ஒருங்கே பெறவியலாது. பெட்டி தரும் மந்தர ஒலியின் எல்லையை ஒரு ஸ்தாயி கீழே இறக்க வேண்டுமாயின், மின்வலு மாறாதிருக்கும்போது, பெட்டியின் கொள்ளளவு எட்டு மடங்காக வேண்டும். பெட்டியைப் பெரிதாக்க மனமில்லையேல் ஆம்ப்ளிஃபயரின் வலுவைப் பெருக்க வேண்டும். விற்பனையாளர் எத்தனை இனிய சொற்களைக் கூறினும் இவ்விதியை எவரும் மீறியதில்லை. உள்ளங்கை அளவுப் பெட்டி ஒன்று பூமி அதிர ஒலிக்கும் என்று விளம்பரம் கூறுமாயின், ஹாஃப்மனின் விதியை நினைவுகூர்வது நம் பணப்பைக்கு நலம்.

ஒலிபெருக்கி இவ்வாறு இல்லத்துள் இடம்பெற்றுவந்த காலத்திலே, மின்னணு இசைக்கும் புது வாழ்வு கிடைத்தது. அதனைப் பேணி வளர்த்தவை பெரும்பாலும் வானொலி நிலையங்களே என்பது இவ்விதழின் வாசகர்களுக்கு மகிழ்ச்சி தரும் செய்தியாகும். 1948இல் பிரெஞ்சு வானொலியைச் சேர்ந்த பியேர் ஷெஃபர், ரயில் வண்டியின் ஓசைகளைப் பதிவு செய்து இசையாக அமைத்தார். மேற்கு ஜெர்மனியின் கோலோன் வானொலி நிலையம் ஐம்பதுகளின் தொடக்கத்தில் மின்னணு இசைக்கெனத் தனிக்கூடம் அமைத்தது. இத்தாலிய வானொலி 1955இல் மிலான் நகரிலும், பி.பி.சி. 1958இல் லண்டனிலும் அவ்வாறே செய்தன. கோலோனில் கார்ல்ஹைன்ஸ் ஸ்டாக்ஹவுசன் இயற்றிய 'இளைஞர் கீதம்' என்னும் பொருள்படும் படைப்பு 1956இல் அரங்கேறியபோது, மேடையில் பாடகரோ வாத்தியக்காரரோ இல்லை. கேட்போரைச் சூழ்ந்து ஐந்து ஒலிபெருக்கித் தொகுதிகளே இருந்தன. 1958இல் பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சியில், நமது சண்டிகர் நகரை வடிவமைத்த லெ கார்புஸியே பொறுப்பேற்று, ஸெனாகிஸ் என்பாரின் துணையோடு எழுப்பிய ஃபிலிப்ஸ் மண்டபத்தில், எட்கார் வாரேஸின் மின்னணுப் படைப்பு முந்நூற்றுக்கும் மேற்பட்ட ஒலிபெருக்கிகளின் வழியே சுவரிலிருந்து சுவருக்கு ஓடியது. ஒலிபெருக்கியே வாத்தியம் என்னும் கருத்து இவ்விடங்களில் வெறும் உவமையாக இல்லை, நடைமுறையாகவே இருந்தது.

நம் நாடும் இதில் பின்தங்கவில்லை. தமிழ்க் குடும்பங்கள் பல நெடுங்காலமாக வாழும் அகமதாபாத் நகரில், தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில், 1969இல் அமெரிக்க இசைஞர் டேவிட் டியூடர் மோக் என்னும் மின்னணு இசைக்கருவியை நிறுவினார். முன்னரே நியூயார்க்கில் இசைஞர் ஜான் கேஜுக்கு இந்திய இசையைப் போதித்த கீதா சாராபாய் இதற்குத் துணைநின்றார். அவரும் வேறு சில இந்தியரும் அங்கு 1969 முதல் 1972 வரை பதிவு செய்த நாடாக்கள் நெடுங்காலம் ஆவணக் காப்பகத்திலேயே உறங்கின. 2023இல்தான் அவை தொகுக்கப்பெற்று உலகத்தார் செவிக்கு எட்டின. மும்பையில் திரைப்பட இசைக்குழுக்களில் வாசித்துவந்த சரண்ஜித் சிங், 1982இல் ஜப்பானிய ரோலண்ட் நிறுவனத்தின் கருவிகளைக் கொண்டு பத்து ராகங்களை நடனத் தாளத்தில் அமைத்து இசைத்தட்டாக வெளியிட்டார். அன்று அதனைப் பொருட்படுத்தியோர் சிலரே. 2010இல் அது மறுபதிப்பாக வந்தபோது, 1987இல் சிகாகோ நகரத்து இளைஞர் புதிதாகக் கண்டதாகக் கருதப்பட்ட ஒலியை ஓர் இந்தியர் ஐந்தாண்டுகள் முன்னரே பதிவு செய்திருப்பது கண்டு பலரும் வியந்தனர்.

சரண்ஜித் சிங் கையாண்ட அந்தத் தாளக்கருவி 1980இல் வெளிவந்த டி.ஆர்.-808. அதன் பெருமுரசின் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 50 அதிர்வு என்னும் அளவில் நிற்கிறது. நீட்டினால் முழக்கமாகவே தொடர்கிறது. அதிர்வெண்ணை அளக்கும் ஹெர்ட்ஸ் என்னும் அலகில் இது 50 ஹெர்ட்ஸ் ஆகும். இத்தகைய இசை வளர்ந்த இடங்களையும் நாம் கருத வேண்டும். நியூயார்க்கில் 1977 முதல் 1987 வரை இயங்கிய பாரடைஸ் கராஜ் என்னும் நடனக் கூடத்தில், ரிச்சர்ட் லாங் அமைத்த மாபெரும் ஒலிபெருக்கிகளின் முன் மக்கள் ஆடினர். அங்கே மந்தர ஒலியைச் செவி மட்டுமன்றி மார்பும் உணர்ந்தது. அத்தகைய கூடங்களை எண்ணி இயற்றப்பட்ட இசையைப் பன்னிரண்டடி அறையில் கேட்பதற்கே நாம் பெட்டி தேடுகிறோம். இந்த இடைவெளியே நமது சிக்கலின் உயிர்நிலை.

இச்சிக்கலின் காரணங்களைச் சிறிது விளக்குவோம். முதலாவது, ஒலியின் உரப்பு மாறாமல் அதிர்வெண் பாதியாகக் குறையும்போது, கூம்பு நான்கு மடங்கு தூரம் அசைய வேண்டும். 80 ஹெர்ட்ஸ் ஒலியை எளிதில் தரும் சிறு கூம்பு, 40 ஹெர்ட்ஸில் தன் எல்லையை முட்டி உடைந்த குரலில் ஒலிப்பது இதனாலேயே. இரண்டாவது, நம் செவியின் இயல்பு. பெல் ஆய்வுக்கூடத்தின் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933இல் நிறுவியதுபோல, ஒலி தணிந்திருக்கும்போது செவி மந்தர ஒலியைக் குறைவாகவே உணர்கிறது. தணிந்த குரலில் கேட்கும் 1000 ஹெர்ட்ஸ் ஒலிக்கு நிகராக 40 ஹெர்ட்ஸ் ஒலி கேட்க வேண்டுமாயின், ஏறத்தாழ 40 டெசிபல் கூடுதல் வேண்டும். அண்டை வீட்டாரை எண்ணி இரவில் ஒலியைத் தணித்ததும் தாளத்தின் அடித்தளம் மறைந்துபோவது இதனாலேயே. மூன்றாவது, அறை. 40 ஹெர்ட்ஸ் ஒலியலையின் நீளம் எட்டரை மீட்டருக்கும் அதிகம். நான்கு மீட்டர் நீளமுள்ள அறையில் 43 ஹெர்ட்ஸ் அளவில் ஒலி சுவர்களுக்கிடையே தேங்கி நிற்கும். சுவரோரம் அது முழங்கும். அறையின் நடுவில் அமர்ந்தால் அதே சுரம் காணாமற்போகும். மூன்று மீட்டர் அறையில் இது 57 ஹெர்ட்ஸ் அளவில் நிகழும். பெட்டி மாறாதிருக்க வீடு மாறியதும் ஒலி மாறுவதற்கு இதுவே காரணம்.

இனி, நல்ல ஒலிபெருக்கி எது என்பதை எவ்வாறு தீர்மானிப்பது? 1960ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் வில்சரின் நிறுவனம் ஒரு சுவையான சோதனையை நடத்திக் காட்டியது. மேடையில் நால்வர் வயலின் முதலிய வாத்தியங்களை வாசிப்பர். இடையிடையே வாசிப்பதுபோல் கைகளை மட்டும் அசைக்க, ஒலிபெருக்கி அவர்தம் பதிவை ஒலிக்கும். எப்போது மாறியது என்று கண்டுபிடிக்கப் பலர் தவறினர். அசல் உள்ள இசைக்கு இச்சோதனை தக்கது. அசலே இல்லாத மின்னணு இசைக்கு இது பயன்படாது. ஒவ்வொருவர் ரசனைக்கும் ஏற்றபடி எதையும் நல்லது என்று கொள்ளலாமோ என்று எண்ணத் தோன்றும்.

அவ்வாறன்று என்று காட்டியது கனடா நாட்டுத் தேசிய ஆராய்ச்சிக் கழகத்தில் ஃப்ளாய்ட் டூல் நடத்திய நெடிய ஆய்வு. ஒலிபெருக்கிகளைத் திரைக்குப் பின் மறைத்து, உரப்பைச் சமமாக்கிப் பலரைக் கேட்கச் செய்து அவர் 1985, 1986 ஆம் ஆண்டுகளில் முடிவுகளை வெளியிட்டார். எந்த அதிர்வெண்ணையும் மிகுத்தோ குறைத்தோ காட்டாமல், நேர் முன்னும் பக்கவாட்டிலும் ஒரே சீராக ஒலிக்கும் பெட்டிகளையே கேட்போர் பெரும்பாலும் விரும்பினர். 1994இல் அவரும் ஷான் ஆலிவும் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், திரையை நீக்கிப் பெட்டிகளைக் கண்ணால் காணச் செய்ததும் மதிப்பெண்கள் மாறின. பெட்டியின் அளவும் தோற்றமும் பெயரும் செவியின் தீர்ப்பைத் திரித்துவிட்டன. இசையை இயற்றியவர் தம் கூடத்தில் சீரான ஒலிபெருக்கியின் முன்னமர்ந்தே அதற்கு வடிவம் தந்திருப்பார். நம் பெட்டியும் அவ்வாறே சீராக ஒலிக்குமாயின், அவர் கேட்டதற்கு மிக அண்மையில் நாம் செல்கிறோம். மின்னணு இசைக்கு அசல் என்று ஒன்றைச் சொல்லக்கூடுமாயின், அதனை இங்கேதான் தேட வேண்டும்.

இவ்வரலாறு தரும் அறிவைக் கொண்டு தேர்வுக்கு வருவோம். முதற்கண், விலையைப் பார்க்குமுன் அறையை அளக்க வேண்டும். சிறிய அறையில் ஆளுயரப் பெட்டிகளை நிறுத்துவது பெரும்பாலும் முழக்கத்தையே பெருக்கும். மாற்றலுக்கு உட்பட்ட குடும்பத்தார்க்கு, செம்மையான சிறிய பெட்டிகள் இரண்டும், மந்தர ஒலிக்கெனத் தனியே ஒரு சப்வூஃபரும் ஏற்றவை. இரண்டு பெட்டிகளைச் செவிக்கு உகந்த இடத்தில் வைத்துவிட்டு, சப்வூஃபரை மட்டும் அறைக்கேற்ப இடம் மாற்றி, அளவைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். ஊர் மாறும்போது முழுவதையும் மாற்றத் தேவையிராது.

இரண்டாவதாக, விவரத்தாளில் மந்தர ஒலியின் எல்லை எத்தனை டெசிபல் குறைவில் அளக்கப்பட்டது என்று காண வேண்டும். 40 ஹெர்ட்ஸ் வரை என்று மட்டும் எழுதியிருப்பின் அதற்குப் பொருளில்லை. 3 டெசிபல் குறைவில் 40 ஹெர்ட்ஸ் என்றிருப்பின் நம்பலாம். பெட்டியின் புகழ் மட்டும் இதற்குப் போதாது. எழுபதுகளில் பி.பி.சி. தன் ஒலிபரப்பு வண்டிகளுக்கென வகுத்த எல்.எஸ்.3/5ஏ என்னும் சிறு பெட்டி, மனிதக் குரலைக் காட்டுவதில் இன்றும் போற்றப்படுகிறது. ஆயினும் ஓரடி உயரமே உள்ள அப்பெட்டியிடம் 808இன் முரசை எதிர்பார்ப்பது முறையாகாது. குரலிசைக்கு உயர்ந்தது மின்னணு இசைக்கும் உயர்ந்தது என்னும் நியதி இல்லை.

மூன்றாவதாக, ஆம்ப்ளிஃபயரின் வலுவைப் பெட்டியோடு சேர்த்தே கணக்கிட வேண்டும். ஒலி 3 டெசிபல் கூட, மின்வலு இரு மடங்காக வேண்டும். 10 டெசிபல் கூடப் பத்து மடங்கு வேண்டும். இத்தொல்லையைக் குறைக்க, ஆம்ப்ளிஃபயரைத் தன்னுள்ளேயே கொண்ட பெட்டிகள் உள்ளன. பின்லாந்தின் ஜெனலெக் நிறுவனம் 1978இல் அந்நாட்டு வானொலியின் தேவைக்கெனவே தன் முதற்பெட்டியை இவ்வகையில் செய்தது. இன்று மின்னணு இசை இயற்றுவோர் பலர் இத்தகைய பெட்டிகளையே கையாளுகின்றனர். இல்லத்திற்கும் அவை பொருந்துவனவே.

கடையில் கேட்கும்போது, நன்கு பழகிய இரண்டு மூன்று இசைப்பதிவுகளை நாமே எடுத்துச் செல்ல வேண்டும். ஒப்பிடும் பெட்டிகளின் உரப்பைச் சமமாக்குமாறு கேட்க வேண்டும். சற்றே உரத்து ஒலிப்பது எப்போதும் நல்லதாகவே தோன்றும். மந்தர சுரங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியே எழுந்து அடங்குகின்றனவா, அல்லது எல்லாம் ஒரே முழக்கமாகக் குழைகின்றனவா என்று கவனிக்க வேண்டும். ஒலியைத் தணித்தும் கேட்க வேண்டும். நாம் வீட்டில் கேட்கப்போவது பெரும்பாலும் அவ்வாறுதான். கண்ணை மூடிக்கொண்டு கேட்பது நாணத்திற்குரியதன்று. ஆய்வாளர் திரையிட்டுச் செய்ததையே நாம் எளிய முறையில் செய்கிறோம். வீட்டிற்குக் கொண்டுவந்த பின், பெட்டியை மூலையில் தள்ளாமலும், நம் இருக்கையை அறையின் நட்டநடுவில் இடாமலும் சிறிது நகர்த்திப் பார்த்தால், பல ஆயிரம் ரூபாய்ச் செலவில் கிட்டாத முன்னேற்றம் செலவின்றியே கிட்டுவதுண்டு.

அடுக்குமாடிக் குடியிருப்பில் வாழ்வோர் ஒன்றை மறத்தலாகாது. மேல் ஒலியைச் சுவர் தடுக்கும். மந்தர ஒலியைச் சுவரும் தளமும் எளிதில் தடுப்பதில்லை. சப்வூஃபரைத் தரையில் நேரே வைக்காமல் மெத்தென்ற தாங்கியின் மேல் வைப்பதும், இரவில் அதன் அளவைக் குறைப்பதும் அண்டை வீட்டாரோடு நல்லுறவு நிலைக்க உதவும். அயல் மாநிலத்தில், மொழி வேறான மக்களிடையே வாழும் நமக்கு அந்நல்லுறவு எந்த இசைப்பெட்டியினும் பெரிது.

காஹிலின் 200 டன் இயந்திரம் நியூயார்க் நகரின் சில கூடங்களுக்கு மட்டுமே தந்ததை, இன்று இரு கைகளில் தூக்கத்தக்க பெட்டி நம் இல்லத்தில் தருகிறது. ரைஸும் கெல்லாகும் துராஸும் வில்சரும் இயற்கையின் விதிகளோடு போராடி ஈட்டிய பயன் அது. அவ்விதிகளை அறிந்து வாங்குவோர் விளம்பரத்தால் ஏமாறார். அகமதாபாத்தின் அந்தப் பழைய நாடாக்களையும், மும்பையின் பத்து ராகங்களையும், அவற்றை இயற்றியோர் கருதியவாறே தம் இல்லத்தில் அமர்ந்து கேட்பர்.